தப்பால் பையில் இரண்டு உறைகள்

ஹலீமின் வீடு ஏலத்துக்கு வந்த அன்று இலங்கை மலைநாட்டின் பொகவந்தலாவை டவுனில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஹட்டனிலிருந்து வந்த ஏலக்காரர் வாசல்படியில் நின்று மூன்று தடவை மணி அடித்தார். தெருவில் நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள். துணிக்கடைக்காரர், பேக்கரிக்காரர், இரண்டு லொறி வைத்திருப்பவர் என்று வீடு வாங்கும் சக்தி உள்ளவர்களே பத்துப் பேர் தேறுவார்கள். எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். தானாக விற்காத மனிதனின் வீட்டுக்கு விலை கேட்பதில்லை என்பது அந்தக் கடைவீதியின் எழுதாத கட்டுப்பாடு. ஏலக்காரர் ஆரம்பத் தொகையை இரண்டு முறை குறைத்துப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவர் தும்மினார். ஏலக்காரர் ஆவலோடு திரும்பியதும் அவர் பயந்துபோய், "தும்மல்தாங்க, தும்மல்தான்" என்றார். மத்தியான பஸ்ஸில் ஏலக்காரர் மணியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஹலீமைக் காப்பாற்றிவிட்டோம் என்று கடைவீதி நினைத்தது. ஒரு வாரம் கழித்து வங்கியின் கடிதம் வந்தது. கேட்பார் இல்லாததால் வீட்டை வங்கியே தன் பெயரில் எடுத்துக்கொண்டுவிட்டது. ஹலீம் குடும்பம் மே மாதம் முப்பத்தோராம் திகதி வெளியேற வேண்டும். வீட்டை வாங்க விரும்புகிறவர்கள் தங்கள் விலையை எழுதி, மூடி ஒட்டிய உறையில், ஏப்ரல் முப்பதாம் திகதி சனிக்கிழமை மத்தியானத்துக்குள் ஹட்டனில் சேர்ப்பிக்க வேண்டும். அது 1955ஆம் வருடம்.

ஏலத்தன்று கூட்டத்தின் ஓரத்தில், தோளில் தோல்பையோடு நின்றவர்களில் ஒருவர் அழகுமுத்து. டவுனுக்கு மூன்று மைல் மேலே இருக்கும் பால்மலைத் தேயிலைத் தோட்டத்தின் தப்பால்காரர். தோட்டத்துக் கடிதங்களைக் காலையில் தபால் கந்தோருக்குக் கொண்டு வருவதும், தோட்டத்துக்கு வந்த கடிதங்களை எடுத்துக்கொண்டு ஏறுவதும் அவருடைய வேலை. முப்பத்தொரு வருடமாக அதுதான். நாற்பத்தேழாம் வருட வெள்ளத்தில் பாலம் போனபோது பையைத் தலையில் கட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்தவர் என்று தோட்டத்தில் சொல்வார்கள். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் உறையின் மேல் எழுதிய விலாசத்தின் உருவத்தைப் பார்த்தே அது கொழும்புக்கா, கண்டிக்கா, ஹட்டன் கடைக்கா என்று சொல்லிவிடுவார்.

வருகிற ஜூன் மாத முடிவில், வயதாகிவிட்டதென்று அவருக்குப் பேர் வெட்டுகிறார்கள். புதுவருடத்துக்கு முன்பே தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். பேர் வெட்டினால் வேலை மட்டும் போவதில்லை. தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் அவரும் மனைவி வேலாயியும் இருக்கும் ஒற்றை அறைக் காம்பரா, அடுத்து வரும் தப்பால்காரனுக்குப் போகும். வேலாயிக்கு நெஞ்சு அடைப்பு வந்து, கொழுந்து எடுக்க முடியாமல் போய், அவளுடைய பேரை மூன்று வருடம் முன்பே வெட்டிவிட்டார்கள். ஒரே மகள் பூண்டுலோயாவில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். அங்கேயும் ஒரு காம்பராதான், அதில் ஏற்கெனவே ஆறு பேர்.

ஹலீமின் வீடு பெரிய வீடில்லை. தகரக் கூரை, இரண்டு அறை, பின்னால் ஒரு சமையலறை. கடைவீதி முடியும் வளைவில் இருந்தது. அழகுமுத்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை அதைத் தாண்டித்தான் நடந்தார். பதினெட்டு வருடமாகத் தபால் கந்தோர் சேமிப்பில் போட்டதும், இரண்டு பசுக்களை விற்றால் வருவதும் சேர்த்தால் அதை வாங்கலாம் என்று ஒரு நாள் நடந்துகொண்டே கணக்குப் போட்டார். போட்டு முடித்தபோது பயமாக இருந்தது.

வேலாயியிடம் சொன்னபோது அவள் உடனே சந்தோஷப்படவில்லை.

"குடியிருக்கிறவுங்க வயிறெரிஞ்சு போற வீட்டுல நான் கால் வைக்கமாட்டேன். அவுங்க வாயால வான்னு சொல்லணும்" என்றாள்.

"பேங்கு வீடு புள்ள இப்ப அது."

"பேங்கு வந்து அதுல சோறாக்குச்சா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கீழே இறங்கினார்கள். ஹலீம் முன்னறையில் சும்மா உட்கார்ந்திருந்தார். தம்பியின் லொறிக் கடனுக்கு ஜாமீனாக வீட்டுப் பத்திரத்தை வைத்தவர் அவர். லொறி நோர்வூட் வளைவில் பள்ளத்தில் உருண்டது. தம்பி பிழைத்தான். வீடு போயிற்று.

"வாங்கண்ணே, உக்காருங்க" என்றார் ஹலீம். "கதிரைய பேங்கு எழுதிக்கல, பயப்படாம உக்காரலாம்."

அழகுமுத்து ஓரத்தில் உட்கார்ந்தார். "ஒரு விசயம் கேக்கணும் மொதலாளி. தப்பா எடுத்துக்கப்படாது."

"வீட்டு விசயம்தானே? தப்பால்காரங்க மூஞ்சி போஸ்ட்கார்டு மாதிரி அண்ணே. ஒறை கிடையாது, யாரும் வாசிக்கலாம்."

அழகுமுத்து தலையைக் குனிந்துகொண்டார். ஹலீம் சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

"டவுன்ல ஒருத்தனும் கேக்கமாட்டான். எனக்கு மரியாத செய்யிறாங்களாம். அந்த மரியாதையிலதான் நான் ரோட்டுக்கு வாறேன். எவனாவது ஒருத்தன் ஏலத்துல நல்ல வெலையா கேட்டிருந்தா கடன் போக கையில கொஞ்சம் மிஞ்சியிருக்கும். இனி கொழும்புக்காரன் எவனாவது வாங்கி கள்ளுத்தவறணை போடுவான். நீங்க எழுதுங்க அண்ணே. ஆயிரத்து எழுநூறுக்குக் கீழ பேங்குல பாக்கமாட்டாங்களாம். அதுக்கு மேல உங்களால ஏலுமா?"

"ஏலும்."

"அப்ப எழுதுங்க. நான் சொல்றேன், வாங்க."

உள்ளே சமையலறையில் ஹலீமின் மனைவி ஜெமீலா தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். வேலாயி வாசலில் நின்று அடுப்பையே பார்த்தாள். விறகு ஈரம், புகை வந்தது. ஆனால் அறைக்குள் வரவில்லை. அடுப்புக்கு மேல் கட்டியிருந்த செங்கல் கூண்டுக்குள் நேராக ஏறிக் கூரைக்கு வெளியே போயிற்று.

"என்ன அப்படிப் பாக்குறீங்க?"

"பொகை எங்கம்மா போகுது?"

"மேல போகுது. நானே நின்னு கட்ட வச்சேன். மேசன்பாஸ் இதெல்லாம் துரை பங்களாவுக்குத்தான்னு சொன்னாரு. எங்க கண்ணு மட்டும் என்ன, கூலிக்கு வாங்கினதான்னு கேட்டேன்."

வேலாயி சிரித்தாள், சிரிப்பு இருமலாகிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லயத்துக் காம்பராவில் அடுப்பு படுக்கிற இடத்திலேயே இருக்கும். ஜன்னல் கிடையாது.

"டாக்டர் பொகையில நிக்காதேன்னு சொல்லிட்டாரு. காம்பராவுல பொகையில நிக்காம எங்கம்மா நிக்கிறது? கூரை மேலயா?"

ஜெமீலா அவளை அடுப்புக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார வைத்தாள். வேலாயி தேத்தண்ணியை ஆறவிட்டு, ஒரு முழு மூச்சு இழுத்து விட்டாள். பிறகு இன்னொன்று. அடுப்பு எரியும்போது அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சுவிட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

"நான் போற அன்னிக்கு இந்த அடுப்ப அணைக்காமப் போறேன்" என்றாள் ஜெமீலா. "நீங்க வந்து இதே நெருப்புல பால் காய்ச்சுங்க. அணைஞ்ச அடுப்புல குடிவரப்படாது."

விலையை இங்கிலீஷில் எழுத வேண்டும். பால்மலையில் இங்கிலீஷ் கடிதம் எழுத வேண்டியவர்கள் எல்லாரும் போகிற இடம் ஒன்றுதான்: பெரிய கிளாக்கர் இராமையா. பிரஜா உரிமை மனுக்களை நாலு வருடம் முன்பு தோட்டம் முழுவதற்கும் அவர்தான் எழுதிக் கொடுத்தார். அழகுமுத்துவின் மனுவும் அவர் எழுதியது. அதற்கு இன்னும் பதில் வரவில்லை. பை நிறையக் கடிதம் தூக்கி வருகிறவர் அந்த ஒரு கடிதத்தை மட்டும் தினமும் எதிர்பார்த்து ஏமாந்தார். இராமையா யாரிடமும் கைநீட்டிக் காசு வாங்குவதில்லை. ஒரு செம்பு பால் கொடுத்தால் மறுக்கமாட்டார்.

செவ்வாய்க்கிழமை அந்தி, தோட்டக் கந்தோரில் மற்றவர்கள் போன பிறகு அழகுமுத்து விஷயத்தைச் சொன்னார். இராமையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எந்த வீடு? வளைவுல இருக்கிறதா? செங்கல்லு புகைக்கூண்டு தெரியுமே, அதா?"

"அதுதாங்கய்யா."

"அத விக்கிறாங்களா பேங்குல." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "சரி, எவ்வளவு போடணும்?"

அழகுமுத்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஆயிரத்து எண்ணூத்தி அம்பதுங்க. அதுதான் என்னோட எல்லாம். பசு வித்தது உள்பட" என்றார்.

"இத யாருக்கிட்டயும் சொல்லப்படாது அழகுமுத்து. அதுக்குத்தான் மூடின ஒறையில கேக்குறாங்க."

"ஒங்களுக்குச் சொல்லாம எப்படிங்கய்யா எழுதுவீங்க?"

இராமையா சிரித்துவிட்டு எழுதினார். நல்ல எழுத்து. ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் கொடிபோல் சுருண்டு தொடங்கும். நீளமான காக்கி உறை ஒன்றைத் தன்னுடைய மேசையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். அழகுமுத்து தமிழில் கையெழுத்துப் போட்டார். உறையை ஒட்டி, மேலே விலாசம் எழுதினார் கிளாக்கர். மூன்று வரி.

புதன்கிழமை காலையிலேயே அதைப் போட்டிருக்கலாம். வேலாயி விடவில்லை.

"முப்பத்தோரு வருசமா ஊரார் கடுதாசியத் தூக்கினீங்க. நம்ம கடுதாசி இது ஒண்ணுதான். வெள்ளிக்கிழம மாரியம்மா காலடியில வச்சு எடுத்துட்டுப் போங்க. ரெண்டு நாளுல என்ன வந்துறப் போகுது?"

வெள்ளிக்கிழமை போட்டாலும் சனிக்கிழமை காலை ஹட்டனில் சேர்ந்துவிடும். அழகுமுத்துவுக்கு அந்த வழித்தடம் மணிக்கணக்கில் தெரியும். அதனால் சரி என்றார். உறை இரண்டு நாள் கோயிலில், அம்மன் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிலையின் மேல் இருந்தது. மூலையில் குங்குமம் பட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கந்தோர்க் கடிதங்களைப் பையில் அடுக்கி, தன்னுடையதை நடுவில் வைத்து வாரை இறுக்கிக்கொண்டு அவர் இறங்கத் தொடங்கினார். காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம் தாண்டும்போது பின்னால் கூப்பிடும் சத்தம் கேட்டது. இராமையா. ஐம்பத்தெட்டு வயது மனிதர், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"இது ஒண்ணு. இன்னிக்கே போகணும்."

கொடுத்தார். அழகுமுத்துவின் முகத்தைப் பார்க்கவில்லை. மலைப்பக்கம் பார்த்து, "மழை வரும்போல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

நீளமான காக்கி உறை. மூன்று வரி விலாசம். கொடிபோல் சுருண்ட அதே முதல் எழுத்து. அதற்குக் கீழே அதே உயரத்தில், அதே இடைவெளியில் மற்ற இரண்டு வரிகள். அழகுமுத்து பையைத் திறந்து தன் உறையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். குங்குமம் ஒன்றைத் தவிர இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

அவர் நடந்தார். கிளாக்கரய்யா தன்னைப்பற்றி நல்லவிதமாக இரண்டு வரி எழுதி அனுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டார். முப்பத்தொரு வருடம் ஒழுங்காக வேலை செய்தவன், சொன்ன காசைக் கட்டுவான் என்று பேங்குக்காரர்களுக்குச் சொல்லவேண்டாமா? அதற்காகத்தான் ஓடிவந்திருக்கிறார். அரை மைல் தூரம் இந்த நினைப்புத் தாங்கியது. பிறகு கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது ஞாபகம் வந்தது. அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். அவர்கள் குடியிருக்கும் கந்தோர்க் குவாட்டசும் தோட்டத்தினுடையதுதான். அடுத்த வருடம் அவருக்கும் ஓய்வு.

பாலத்தில் நின்றார். ஆறு செம்மண்ணாக ஓடியது. பையில் ஒரு கடிதம் குறைந்தால் யாருக்கும் தெரியாது. கிளாக்கர் கேட்கவும் முடியாது. எந்தக் கடிதம் என்று சொல்ல வேண்டுமே. இதையெல்லாம் அழகுமுத்து அந்த இடத்தில் நின்று நிதானமாகவே யோசித்தார். அப்போது கொழுந்து லொறி ஒன்று பாலத்துக்கு வந்து ஹோர்ன் அடித்தது. அவர் ஒதுங்கி வழிவிட்டு, அப்படியே மறுகரைக்கு நடந்துவிட்டார்.

தபால் கந்தோரில் போஸ்ட்மாஸ்டர் கடிதங்களை மேசையில் பரப்பினார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"என்ன அழகுமுத்து, ரெண்டும் ஹட்டன் பேங்குக்கு? பேங்குல கல்யாணமா? பால்மலைக்கு மட்டும் அழைப்பா?"

அழகுமுத்து பையின் வாரைச் சரிசெய்தார். போஸ்ட்மாஸ்டர் குங்குமம் பட்ட உறையில் முத்திரை குத்தினார். மற்றதைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஸ்டாம்பு இல்லையே. இது கந்தோர்க் கடிதம் இல்லை, சொந்தக் கடிதம். திருப்பிக் கொண்டு போ. ஸ்டாம்பு ஒட்டி நாளைக்குக் கொண்டு வா."

நாளை கொண்டுவந்தால் திங்கட்கிழமைதான் ஹட்டனில் சேரும். சனிக்கிழமைக் கெடு தாண்டிவிடும். அழகுமுத்து உறையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

அவரிடம் சில்லறைக் காசு போட்ட ஒரு சிறிய தகரடப்பா எப்போதும் இருக்கும். அவசரத்தில் முத்திரை ஒட்ட மறந்து கொடுப்பவர்களின் கடிதம் நின்றுவிடக்கூடாது என்று தன் காசில் ஒட்டிப் போட்டுவிட்டு, மறுநாள் அவர்களிடம் வாங்கிக்கொள்வார். இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலைக்கு வந்த முதல் வருடம் ஒரு பெண்ணின் கடிதம் முத்திரை இல்லாமல் ஒரு நாள் பிந்தியது. ஊரில் தகப்பன் சாவுக்கு அவள் எழுதிய பதில் அது. அன்றிலிருந்து டப்பா இருந்தது.

"என்ன, நாளைக்குத்தானே?" என்றார் போஸ்ட்மாஸ்டர். வரிசையில் ஆட்கள் நின்றார்கள்.

அழகுமுத்து டப்பாவைத் திறந்தார். பத்துச் சதம் எடுத்து வைத்தார். முத்திரையை நாக்கில் நனைத்து, உறையின் மூலையில் நேராக ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திக் கொடுத்தார்.

மூன்று வாரம் போயிற்று. இராமையா அந்தப் பத்துச் சதத்தைக் கேட்டுக் கொடுக்கவில்லை. அழகுமுத்துவும் கேட்கவில்லை. பசுக்களை நல்லதண்ணிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஓட்டிப் போனார்கள். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் வேலாயியை விடவில்லை.

"பங்களாக்காரி வந்துட்டா, வழி விடுங்கடி."

"ஏன்டி வேலாயி, அங்க பொகை கூரைக்கு மேல போகுமாமே. ஒன் பேச்சும் அப்படியே மேலதான் போகுமா, எங்க காதுல விழுமா?"

"வாங்கடி, வந்து அடுப்புப் பக்கத்துல உக்காருங்க, கேக்கும்" என்பாள் அவள். புது உப்புச் சட்டி ஒன்று வாங்கிப் பழந்துணியில் பொதிந்து வைத்திருந்தாள்.

மே மாதம் மூன்றாம் வாரம், ஒரு சனிக்கிழமை, போஸ்ட்மாஸ்டர் இரண்டு உறைகளைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். இரண்டும் ஹட்டனிலிருந்து. ஒன்று தடிப்பாக இருந்தது. மற்றது மெல்லியது.

அழகுமுத்துவுக்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. வேலை கிடைத்தவனுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லி நாலைந்து தாள்கள் வரும். கிடைக்காதவனுக்கு ஒரு தாள் வரும். பிரஜா உரிமைக்கும் அப்படித்தான் என்று லயத்தில் பேசிக்கொள்வார்கள். முப்பத்தொரு வருடமாகத் தோட்டத்தில் யார் வீட்டில் அழுகை வரும் என்பதை அவர் கைதான் முதலில் அறிந்தது.

"தடிச்சது யாருக்குங்க?"

போஸ்ட்மாஸ்டர் பெயரைப் பார்த்தார். இந்த முறை பகிடி எதுவும் சொல்லவில்லை. "உங்க கிளாக்கருக்கு" என்றார்.

மெல்லிய உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதைத் திறக்கவில்லை. மூன்று மைல் ஏறினார். கந்தோரில் இராமையா தனியாக இருந்தார். அழகுமுத்து தடித்த உறையை மேசையில் வைத்தார். கிளாக்கர் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்கும் வந்திருக்கா?"

"வந்திருக்குங்க. வாசிச்சுச் சொல்லுங்கய்யா."

இராமையா மெல்லிய உறையைக் கிழித்து வாசித்தார். இங்கிலீஷில் வாசித்தார், தமிழில் சொல்லவில்லை. அழகுமுத்துவும் கேட்கவில்லை.

"எத்தன ரூவா கூடப் போட்டீங்க?"

"இருவத்தஞ்சு." கிளாக்கர் கடிதத்தை மடித்தார். "நீ சொல்ற வரைக்கும் அந்த வீடு என் நெனப்புலயே இல்ல அழகுமுத்து. கோயில் சத்தியமா இல்ல. மூணு பொட்டப் புள்ளைகள வச்சுக்கிட்டு அடுத்த வருசம் நான் எங்க போறது? செவ்வாக்கெழமையிலருந்து தூங்கல. நீ புதன்கெழமையே போட்டிருந்தா நான் எழுதியிருக்கமாட்டேன். ஒன் கடுதாசி கோயில்ல கெடக்கு, போகல, போகலன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

வெளியே யாரோ கொழுந்துக் கூடையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"எங்கிட்டயே ஏங்கய்யா குடுத்தீங்க? பஸ்காரன்கிட்டக் குடுத்திருக்கலாமே."

"பஸ்காரன் எங்கயாவது போட்டுருவான். நீதான் கொண்டுபோய்ச் சேப்ப."

சொன்ன பிறகுதான் அவருக்கே தான் சொன்னது புரிந்திருக்க வேண்டும். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

"ஸ்டாம்பு ஒட்டலன்னு நீ போனதுக்கப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. திரும்பி வந்துரும்னு நெனச்சேன். வந்துட்டா கிழிச்சுப் போட்டுறலாம், அதோட போச்சுன்னு இருந்தேன். அன்னிக்கு நீ அதத் திருப்பிக் கொண்டுவரல. எப்படிப் போச்சு அது?"

"நான் ஒட்டினேங்க."

இராமையா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். திரும்பியபோது சட்டைப் பையிலிருந்து ஒரு பத்துச் சதக் காசை எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்தார். வேறு எதைக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் அழகுமுத்து அதை எடுத்துத் தகரடப்பாவில் போட்டுக்கொண்டார்.

காம்பராவில் வேலாயி அடுப்பு முன்னால் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருந்தாள். அவர் உள்ளே வந்து உட்கார்ந்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஊதுகுழலைக் கையில் பிடித்தபடி இருந்தாள்.

"யாருக்குக் கெடச்சுது?"

"கிளாக்கரய்யாவுக்கு."

"அவரா?" நம்பாமல் பார்த்தாள். "நம்ம தொகை அவருக்குத்தானே தெரியும்." பிறகு, "அவரு எழுதினது எப்படிப் போய்ச் சேந்துச்சு? நம்மதான் கடேசி நாளுக்குப் போட்டோம். அதுக்கப்புறம் எப்படிங்க போச்சு?"

"தப்பால்லதான் போச்சு" என்றார் அழகுமுத்து.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் எதைப் புரிந்துகொண்டாள் என்று அவருக்குத் தெரியவில்லை. "வெள்ளிக்கிழம வரைக்கும் நாந்தானே வச்சிருக்கச் சொன்னேன்" என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மே முப்பத்தொன்று செவ்வாய்க்கிழமை. தபாலை எடுத்துக்கொண்டு அழகுமுத்து ஏறும் நேரத்தில், வளைவில் ஹலீமின் சாமான்கள் லொறியில் ஏறிக்கொண்டிருந்தன. கடைவீதியில் பாதிக் கதவு சாத்தியிருந்தது. மரியாதை. குனிந்துகொண்டே தாண்டப் பார்த்தவரை ஹலீம் கையைப் பிடித்து நிறுத்தினார். கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு விட்டார்.

உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தமும் சூடு அடங்கும் இரைச்சலும் கேட்டன. ஜெமீலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள். கையில் ஒரு மண்சட்டி. மேலே ஓடு வைத்து மூடியிருந்தது.

"அடுப்ப அணைக்காமப் போறேன்னு சொன்னேன். அது வேலாயிக்குச் சொன்ன சொல்லு. வேற யாருக்கும் சொல்லல" என்றாள். "அணைச்சுட்டேன். இது அதுல இருந்த தணல். அவுங்ககிட்டக் குடுங்க."

அழகுமுத்து சட்டியைத் தலைப்பாகைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டார். ஒரு தோளில் பை, கையில் சட்டி. பாலம் தாண்டும்போது கை சுட்டது. இரண்டாம் மைலில் மழை பிடித்தது. பைக்குப் போடும் ரப்பர் துணியைப் பைக்குப் போடாமல் சட்டிக்குப் போட்டார். தோட்டத்துக் கடிதங்கள் அன்று நனைந்தன. பெரட்டுக்களத்துக்கு வரும்போது கையில் சூடு தெரியவில்லை.

வேலாயி ஓட்டை எடுத்துப் பார்த்தாள். சாம்பல். விரலைவிட்டுக் கிளறினாள். அடியில் கண்ணளவு சிவப்பு இருந்தது. அதை அள்ளி அடுப்பில் வைத்து, சருகு போட்டு, இரண்டு தடவை இருமி, ஊதினாள். பற்றிக்கொண்டது.

விறகு ஈரம். புகை எழுந்து கூரைத் தகரத்தில் முட்டி, வழியில்லாமல் கீழே இறங்கி அறையை நிறைத்தது. அழகுமுத்து எழுந்து கதவை அகலத் திறந்து வைத்தார். புகை வெளியே போகவில்லை. வெளியே நின்ற மூடுபனிதான் உள்ளே வந்தது.